பிளக்கில் ஏன் கரி படிகிறது?

காரியாபட்டி வழியாக மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையில் சீராக ஓடும் பைக்கின் ஸ்பார்க் பிளக் முனை பெரும்பாலும் இளம்பழுப்பாக இருக்கும். கடைவீதியிலேயே நின்று நின்று ஓடும் வண்டியில் கரி அப்பியிருக்கும். ஏன்? முனை சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் கரி தானாக எரிந்துபோகும்; நின்று நின்று ஓடினால் அந்தச் சூடு ஏறாது. 850-ஐத் தாண்டினாலோ, பொறி வருமுன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். உரசுமுன் பற்றும் தீக்குச்சியைச் சிவகாசியில் யார் வாங்குவார்?

பிளக்கின் பீங்கான் மூக்கு நீளமானால் சூடு தங்கும். குட்டையானால் சீக்கிரம் இறங்கும். பிளக்கின் எண் சொல்வது இதைத்தான். ஆனால் என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர் ரகம், பாஷில் கூடினால் சூட்டு ரகம்! கையேட்டைப் பார்த்தே வாங்குங்கள். இன்ஜின் ஆறியபின் பழைய பிளக்கைக் கழற்றுங்கள். புதியதை முதலில் கையாலேயே திருகுங்கள். ஸ்பானர் கடைசி இறுக்கலுக்கு மட்டும்.