தாது உப்பும் வயிற்றின் புளிப்பும்

தேவிபட்டினம் முதலிய கடற்கரைக் கிராமங்களில் கிளிஞ்சிலுக்குக் குறைவில்லை. ஆயினும், பெரும்பாலும் வைக்கோலையே தின்று கறக்கும் பசுவுக்குச் சுண்ணாம்புச் சத்துப் போதாமற் போகக்கூடும். ஒரு லிட்டர் பசும்பாலுடன் ஏறக்குறைய 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்து வெளியேறுகின்றது. தீனியில் அது கிடையாவிடில், பசு தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். கன்று ஈன்ற சமயத்தில் இரத்தத்தில் அச்சத்துத் திடீரெனக் குறையுமாயின், பசு எழ மாட்டாமல் விழுந்துவிடும். இதுவே பால் ஜுரம்.

இதனை அறிந்து சங்க அங்கத்தினர் பலர் தாது உப்புக் கலவை வாங்கி வைக்கின்றனர். ஆனால் தொட்டியில் இட்டதெல்லாம் உடம்பிற் சேர்ந்ததாகாது. கரைந்தது மாத்திரமே சேரும். கரையாதது சாணத்தோடு கழியும். பணம் கொடுத்து வாங்கிய உப்பு எருக்குழிக்குப் போவதால் யாருக்கு என்ன லாபம்?

கிளிஞ்சிற் பொடியைத் தண்ணீரில் இட்டால் அடியில் தங்கிவிடும். எலுமிச்சம் பழச் சாற்றில் இட்டால் நுரைத்துக் கரையத் தொடங்கும். முழுக் கிளிஞ்சிலோ அதே சாற்றில் மெதுவாகவே கரையும். மாட்டின் வயிற்றிலும் இவ்வாறே நடைபெறுகின்றது.

புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் 7 நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். மாட்டின் முதல் இரைப்பையாகிய பெருவயிற்றில் இது சாதாரணமாக 6 முதல் 7 வரை இருக்கும். அங்கே கிளிஞ்சிற் பொடி அதிகம் கரையாது. நான்காம் இரைப்பையில் அமிலம் சுரந்து, எண் 2 அல்லது 3 ஆகின்றது. பொடி அங்கே கரைந்து, பின்னர் சிறுகுடலில் உறிஞ்சப்படுகின்றது. பருங்கற்களாக இருந்தால் கரையுமுன் கடந்து போய்விடும். கோழிக்கு மாத்திரம் பருநொய் நன்று. அது அரைவைப் பையில் தங்கி, இரவிலும் மெல்லக் கரைந்து முட்டையோட்டுக்கு உதவும்.

அப்படியானால் புளிப்பை மிகுவித்தல் நலமென்று கருதலாகாது. கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றையும் கஞ்சியையும் ஏராளமாகத் தின்ற மாட்டுக்குப் பெருவயிற்றிலேயே புளிப்பு ஏறி, அசைபோடுதல் நின்று, உயிருக்கே அபாயம் நேரிடும். அசைபோடுகையில் ஊறும் உமிழ்நீரே அப்புளிப்பைத் தணிப்பது. மறுபுறம், சோடா உப்பை அளவின்றி ஊட்டினால் பெருவயிற்றிற் கரைய வேண்டிய மக்னீசியம் கரையாமற் போகும்.

மேலும், கிளிஞ்சிலில் மணிச்சத்து இல்லையென்றே கூறலாம். வைக்கோலிலும் அது சொற்பம். 1920ஆம் ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் ஸர் ஆர்னால்டு தைலர் என்னும் கால்நடை வைத்திய நிபுணர், மேய்ச்சல் மாடுகள் எலும்பைக் கடித்து நோயுற்று மடிவதற்கு மணிச்சத்துக் குறைவே மூலமெனக் காட்டினார். நம் அரிசித் தவிட்டில் மணிச்சத்து மிகுதி. ஆகவே பொடியும் தவிடும் ஒன்றுக்கொன்று துணையாகும்.

அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. கிளிஞ்சிலைக் கழுவிக் காயவைத்து, மாவாக இடித்துச் சலித்துத் தவிட்டுடன் கலந்து இடுக. சுட்ட சுண்ணாம்பை ஊட்டலாகாது. அது வாயையும் குடலையும் வேகச் செய்யும்.

2. பவளப் பாறையை எடுத்தல் சட்டப்படி குற்றம், அதை நாடலாகாது.

3. கிளிஞ்சில் சுண்ணாம்புச் சத்தை மாத்திரமே தரும். மற்றத் தாதுக்களுக்குக் கலவை வேண்டும். அதனைப் பொதியிற் கண்ட அளவுப்படி நாள்தோறும் தீனியில் கலந்து இடுக.

4. சோறு, கஞ்சியைச் சுருக்கி, வைக்கோலும் பசும்புல்லும் தாராளமாக இடுக.

5. சினைமாட்டுக்குக் கடைசி மூன்று வாரங்களில் கிளிஞ்சிற் பொடியைத் தாமாக மிகுதியாக ஊட்டாமல், கால்நடை வைத்தியரைக் கேட்டு நடப்பது நலம். அக்காலத்தில் சுண்ணாம்புச் சத்து மிதமிஞ்சினால், எலும்பிலிருந்து அதை எடுக்கும் பழக்கம் உடலில் தளர்ந்து, ஈன்றவுடன் பால் ஜுரம் வர இடமாகும்.