அந்த விசில் சரியா? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் தீராத நடுவர் சர்ச்சை

2019 ஏப்ரல் 6. மினியாபோலிஸ் நகரில் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்து அரையிறுதி. ஆபர்ன் அணி 62-60 என முன்னிலை. ஆட்டம் முடிய 0.6 விநாடி இருக்கும்போது வர்ஜீனியா வீரர் கைல் கய் மூலையிலிருந்து வீசிய பந்து கூடைக்குள் விழவில்லை. ஆனால் நடுவர் விசில் ஊதியிருந்தார். வீசக் குதித்தவர் மீது தடுப்பாளர் மோதியதால் ஃபவுல். மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் போட்டார் கய். 63-62 என வென்ற வர்ஜீனியா, இறுதியாட்டத்திலும் ஜெயித்துச் சாம்பியன் ஆனது.

தடுப்பாளர் முன்னே நகர்ந்து, வீசியவர் தரையிறங்கும் இடத்தைப் பறித்துவிட்டார் என்று விளக்கம் தந்தது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அது நியாயமான விளக்கம்தான். ஆனால் சில விநாடிகளுக்கு முன், வர்ஜீனியாவின் டை ஜெரோம் தன்னிடமிருந்து நழுவிய பந்தை இரு கைகளாலும் பிடித்துவிட்டு, மறுபடியும் தட்டிக்கொண்டு ஓடினார். இது ‘டபுள் டிரிபிள்’ எனும் விதிமீறல். பந்து ஆபர்னுக்குப் போயிருக்க வேண்டும். மூன்று நடுவர்களில் ஒருவரும் விசில் ஊதவில்லை. திரையில் பார்த்துத் திருத்தவும் விதியில் வழியில்லை. ரசிகர்கள் ஊதாத விசிலைப் பேசினார்கள். நடுவர் தரப்பு ஊதிய விசிலைப் பேசியது. இரு தரப்பிலும் உண்மை இருந்தது.

கடைசி நொடியில் ஊதலாமா?

2024 பெண்கள் அரையிறுதியில் இதே கேள்வி வேறு வடிவில் வந்தது. ஐயோவா 70-69 என முன்னிலை, பந்து யூகான் வசம், 3.9 விநாடிதான் பாக்கி. தோழிக்கு வழிவிடத் திரைபோல நின்ற யூகான் வீராங்கனை ஆலியா எட்வர்ட்ஸ் விதியை மீறி நகர்ந்ததாக ஃபவுல் தரப்பட்டது. ஐயோவா 71-69 என வென்றது. ‘முடிவை ஆடுபவர்கள் கையில் விடுங்கள்’ என்று கொதித்தார்கள் பலர். முதல் நிமிடத்தில் ஃபவுல் என்றால் கடைசி நிமிடத்திலும் ஃபவுல்தானே என்றார்கள் மற்றவர்கள். என் கருத்தும் அதுதான். ஊதாமல் விடுவதும் ஒரு முடிவு. அதுவும் ஒரு அணிக்குச் சாதகமாகவே போகும்.

விதியே மாறினால்?

நடுவர்களுக்கு மிகச் சிரமமானது பிளாக், சார்ஜ் தீர்ப்பு. கூடையை நோக்கிப் பாய்பவர் தடுப்பாளர் மீது மோதுகிறார். தடுப்பாளர் முன்பே இடம்பிடித்து நின்றிருந்தால் குற்றம் பாய்ந்தவருடையது (சார்ஜ்), இல்லையென்றால் தடுத்தவருடையது (பிளாக்). ‘முன்பே’ என்பது எந்த நொடி என்பதை ஆண்கள் ஆட்டத்தில் 2013-14 பருவத்தில் மாற்றினார்கள். அடுத்த பருவமே பழையதற்குத் திரும்பினார்கள். 2023-24இல் மறுபடியும் மாற்றினார்கள். இப்போது, பாய்பவர் குதிப்பதற்காகக் காலை ஊன்றும்போதே தடுப்பாளர் இடத்தில் இருக்க வேண்டும். ஒருவரின் பாதத்தையும் இன்னொருவரின் உடம்பையும் ஒரே நொடியில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

சந்தேகத்துக்கு ஆதாரம் உண்டா?

‘அந்தப் பக்கம் ஒன்று ஊதினால், ஈடுகட்ட இந்தப் பக்கம் ஒன்று’ என்பது ரசிகர்களின் பழைய புகார். ஆய்வாளர்கள் கைல் ஆண்டர்சன், டேவிட் பியர்ஸ் இருவரும் 2004-05 பருவத்தின் 365 ஆட்டங்களை ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். சொந்த ஊர் அணி வெளியூர் அணியைவிட 5 அல்லது அதற்கு மேற்பட்ட ஃபவுல்கள் அதிகம் பெற்றிருந்தால், அடுத்த ஃபவுல் வெளியூர் அணி மீது விழ 69 சதவீத வாய்ப்பு இருந்தது. இது மோசடிக்குச் சான்று அல்ல. ஃபவுல் குறைவாக உள்ள அணி துணிந்து முரட்டுத்தனமாக ஆடுவதும் ஒரு காரணமாகலாம். ஆனாலும் ரசிகர்களின் புகாரை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

ஆட்டத்துக்கு ஆட்டம் கூலி

முதல் பிரிவில் மட்டும் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. இவற்றின் நடுவர்கள் யாருடைய நிரந்தர ஊழியர்களும் அல்ல. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறுகிறார்கள்; ஒரே பருவத்தில் பல கூட்டமைப்புகளுக்காக ஊர் ஊராகப் பறக்கிறார்கள். பலருக்கு வேறு தொழில் உண்டு.

2017இல் கென்டக்கி அணி 75-73 என வட கரோலினாவிடம் தோற்றது. அந்த ஆட்டத்தின் நடுவர்களில் ஒருவரான ஜான் ஹிக்கின்ஸ் கூரை வேலை நிறுவனம் நடத்திவந்தவர். தீர்ப்புகளால் கொதித்த கென்டக்கி ரசிகர்களிடமிருந்து அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. நிறுவனத்தைப் பற்றி இணையத்தில் பொய் மதிப்புரைகள் குவிந்தன. ஒரு தீர்ப்புக்காக ஒருவரின் பிழைப்பிலேயே கை வைப்பதை எந்தத் தோல்வியும் நியாயப்படுத்தாது.

திரை தீர்த்துவைக்குமா?

பெண்கள் ஆட்டத்தில் 2024-25இலும் ஆண்கள் ஆட்டத்தில் 2025-26இலும், பயிற்சியாளர் மேல்முறையீடு செய்யும் முறை வந்திருக்கிறது. ஆண்கள் ஆட்டத்தில் பந்து யார் மேல் பட்டு வெளியே போனது, கூடைக்குள் இறங்கும் பந்தைத் தொட்டார்களா, கூடைக்கடியில் வரைந்த வளைவுக்குள் தடுப்பாளர் நின்றாரா ஆகியவற்றையே கேட்கலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் மோதல் ஃபவுலா இல்லையா என்ற பெரிய சண்டை இன்னமும் நடுவரின் கணிப்பில்தான் நிற்கிறது.

கணிப்பில் பிழை வரத்தான் செய்யும். அதை மூடிவைப்பதுதான் சந்தேகத்தை வளர்க்கிறது. தொழில்முறை லீக்கான என்.பி.ஏ., நெருக்கமான ஆட்டங்களின் கடைசி 2 நிமிடத் தீர்ப்புகளில் எது சரி, எது தவறு என்று 2015 முதல் அறிக்கை வெளியிடுகிறது. கல்லூரி ஆட்டத்தில் நடுவர்களை மதிப்பிடுகிறார்கள். தேறியவர்கள்தான் மார்ச்சில் தொடங்கும் சாம்பியன் தொடருக்குப் போகிறார்கள். ஆனால் அந்த மதிப்பீடு பொதுவெளிக்கு வருவதில்லை. குறைந்தபட்சம் அந்தத் தொடரின் ஆட்டங்களுக்காவது என்.சி.ஏ.ஏ. அத்தகைய அறிக்கையை வெளியிட வேண்டும். தவறைத் தாமே ஒப்புக்கொள்ளும் நடுவர்களைத்தான் ரசிகர்கள் அடுத்த ஆட்டத்தில் நம்புவார்கள்.