கூண்டு எலியும் எமது உடம்பும்

இடம்பெயர்ந்த குடும்பங்களின் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "முந்தி நான் இப்படி இல்லை" என்பதே அது. சிறு சத்தத்துக்கும் நெஞ்சு படபடக்கிறது, பிள்ளைகள்மேல் காரணமில்லாமல் கோபம் வருகிறது, பொருளை வைத்த இடம் மறந்துபோகிறது, நித்திரை இல்லை, வயிறு எரிகிறது. சிலர் இதனைத் தலைவிதி என்கிறார்கள். சிலர் செய்வினை என்று பார்வை பார்ப்பிக்கப் போகிறார்கள். வெளியிலிருந்து வரும் உத்தியோகத்தர் சிலரோ, சனம் சோம்பேறியாகிவிட்டது என்று அறிக்கை எழுதிவிட்டுப் போகிறார்கள். இம்மூன்றையும்விடச் சரியான விளக்கம் ஒன்று இருக்கிறது. அது உடலுக்குள் ஓடும் ஓமோன்கள் எனப்படும் சுரப்புகளைப் பற்றியது. அவற்றைப் பற்றி மனிதர் அறிந்தவற்றுள் பெரும்பகுதி ஆய்வுகூட மிருகங்களிடமிருந்தே கிடைத்தது.

பட்டி வளர்த்தவர்களுக்கு இதன் முதற் பாடம் ஏற்கெனவே தெரியும். பழகாத கை மடியில் பட்டால், அல்லது நாய் குரைத்துக்கொண்டு ஓடிவந்தால், பசு பாலை அடக்கிக்கொள்ளும். 1941இல் அமெரிக்காவில் ஈலி, பீற்றர்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் இதனைச் சோதித்துப் பார்த்தார்கள். பசுவின் முதுகில் பூனையை ஏற்றிவிட்டு, பக்கத்தில் கடதாசிப் பைகளை வெடிக்கவைத்தார்கள். பால் இறங்கவில்லை. பயமுறுத்தாமல், அதிரினலின் என்ற ஓமோனை மட்டும் ஊசியால் ஏற்றியபோதும் பால் இறங்கவில்லை. பசு பிடிவாதம் பிடிக்கவில்லை என்பது அதனால் விளங்கியது. பயத்தின்போது இரத்தத்தில் கலந்த ஒரு பொருளே மடியை அடைத்தது.

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. ஆபத்து வந்த கணத்தில் அவை அதிரினலினைச் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும், ஈரலில் சேமித்துவைத்த குளுக்கோசு இரத்தத்தில் இறங்கும், கைகாலுக்கு இரத்தம் பாயும், சமிபாடு மந்தமாகும். சில நிமிடங்கள் பிந்தி அதே சுரப்பிகளிலிருந்து கோட்டிசோல் என்ற மற்றொன்று வரும். (எலிகளில் இதன் வேலையைச் செய்வது கோட்டிகோஸ்தெரோன் என்னும் அதன் உறவுப் பொருள்.) தசையையும் கொழுப்பையும் கரைத்து எரிபொருளைத் தொடர்ந்து கொடுப்பது அதன் பொறுப்பு. திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமானை நாய் துரத்தினால் இவ்வளவும் நடக்கும். நாய் போனதும் மான் மறுபடி புல் மேயும். இந்த ஏற்பாடு அப்படிப்பட்ட நிமிடங்களுக்காக அமைந்தது. நாய் போகாமல் பத்து வருடம் வாசலிலேயே நின்றால் என்ன நடக்கும் என்பதுதான் எமக்குரிய கேள்வி.

2006 ஏப்ரலில் தொடங்கிய குண்டுவீச்சோடு மூதூர் கிழக்கை விட்டு ஓடிய சம்பூர் மக்கள், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, கிளிவெட்டி, பட்டித்திடல் முதலிய முகாம்களில் தங்கினார்கள். 2015இல் காணிகள் விடுபடத் தொடங்கும்வரை அவர்களுக்கு வாசலில் நாய் நின்றது.

நெடுநாள் நெருக்கீட்டை முதலில் முறையாகக் காட்டியவர் ஹான்ஸ் செலியே. கனடாவின் மொன்றியல் நகரில், மக்கில் பல்கலைக்கழகத்தில் வேலை செய்தவர். சில எலிகளைக் குளிரில் விட்டார். சிலவற்றுக்குக் காயம் உண்டாக்கினார். சிலவற்றைக் களைக்கும்வரை ஓடவிட்டார். சிலவற்றுக்குச் சிறிதளவு நஞ்சு கொடுத்தார். துன்பம் வேறு வேறானாலும் உடலில் கண்ட மாற்றம் ஒன்றாகவே இருந்தது. அந்தச் சுரப்பிகள் வீங்கியிருந்தன. நோயெதிர்ப்புக்கு உதவும் தைமசுச் சுரப்பி சுருங்கியிருந்தது. இரைப்பையில் புண்கள் இருந்தன. இதனை அவர் 1936இல் வெளியிட்டார். வாசிக்கச் சுகமான ஆய்வுகள் அல்ல இவை. அந்தப் பிராணிகள் பட்ட பாட்டை நாம் மறைக்க விரும்பவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. மனிதருடைய வயிற்றுப்புண்ணுக்குக் கிருமி ஒன்று முக்கிய காரணம் என்பதை அவுஸ்திரேலியாவின் மார்ஷல், வாரன் ஆகியோர் 1980களில் கண்டுபிடித்தார்கள். 2005இல் நோபல் பரிசும் பெற்றார்கள். நோ மாத்திரைகளைக் கண்டபடி விழுங்குவதும் மற்றொரு காரணம். ஆகவே வயிற்றெரிவை "எல்லாம் யோசனையால்தான்" என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தால் மாறக்கூடியது அது.

உணவு விடயத்திலும் எலிகள் எமக்கு அறிமுகமானவைபோலவே நடக்கின்றன. நெருக்கீட்டில் வழமையான தீனைக் குறைத்து மெலியும். ஆனால் சீனித் தண்ணீரும் பன்றிக்கொழுப்பும் பக்கத்தில் இருந்தால் அவற்றை நாடும். கலிபோர்னியாவில் மேரி டல்மனும் கூட்டாளிகளும் 2003இல் எழுதியதன்படி, அப்படித் தின்ற எலிகளில் நெருக்கீட்டு ஓமோனின் எழுச்சி தணிகிறது. கொழுப்போ வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. சோறு இறங்காத வீட்டில் மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்ரீ நாளுக்கு ஆறு தரம் இறங்குவதன் காரணத்தை இதிலிருந்து ஊகிக்கலாம். கோட்டிசோலும் இரத்தத்தில் குளுக்கோசை ஏற்றுவதே. வயல்வேலை நின்று, மாவும் சீனியுமாக வாழ்ந்த ஒருவருக்குச் சீனி வருத்தம் வர இரண்டு பக்கத்திலும் வழி திறந்துவிடுகிறது.

இனி, எமக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறோம். பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தில் சுமந்திர சட்டர்ஜியும் அவரோடு வேலை செய்தவர்களும் எலிகளை நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வீதம் பத்து நாள் அசையவிடாமல் கட்டிவைத்தார்கள். பின்பு மூளையின் இரண்டு பகுதிகளைப் பார்த்தார்கள். ஒன்று நினைவுக்குரிய பகுதி; மற்றது பயத்துக்குரிய, வாதுமைப் பருப்பு வடிவான சிறிய பகுதி. நினைவுப் பகுதியில் நரம்புக் கலங்களின் கிளைகள் குறுகியிருந்தன. பயப் பகுதியில் அவை வளர்ந்திருந்தன. 2002இல் வெளிவந்த முடிவு இது. பிறகு 21 நாள் எலிகளைத் தொந்தரவில்லாமல் விட்டுப் பார்த்தார்கள். நினைவுப் பகுதி பழைய நிலைக்குத் திரும்பியது. பயப் பகுதியின் வளர்ச்சி அப்படியே இருந்தது. எலிகள் திறந்த வெளிக்கு வர இன்னும் தயங்கின.

ஊர் திரும்பி, கிணறு இறைத்து, வயல் விதைத்த பின்பும் ஹெலிகொப்டர் சத்தத்துக்கு வீட்டுக்குள் ஓடுபவரை அயலார் கேலி செய்வதுண்டு. எலியின் மூளையை மனித மூளையோடு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் இந்த ஆய்வை அறிந்தவர் கேலி செய்யமாட்டார். மறதி விலகும், பயம் பிந்தித்தான் விலகும் என்று எதிர்பார்த்திருப்பதே நியாயம். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எமது மக்களின் போர்க்கால மனவடுக்களைப் பற்றி 1998இல் நூல் எழுதினார். மனத்தின் பாரம் தலையிடி, நெஞ்சு நோ, உடல் உளைவு என்று உடம்பின் மொழியில் வெளிவருவதை அவர் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த எலிகளுக்கு எவரும் ஆலோசனை சொல்லவில்லை, கட்டை அவிழ்த்துவிட்டார்கள். நினைவு திரும்பியது அதன் பிறகுதான். உளவளத்துணை தேவை என்பதில் எமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் காணியைக் கொடாமல் துணையாளரை மட்டும் அனுப்புவது, கட்டை அவிழ்க்காமல் எலியைத் தடவிக்கொடுப்பதுபோலாகும்.

கட்டு உடனே அவிழாது என்றால்? நியூயோர்க்கில் ஜே வைஸ் 1970 அளவில் செய்த ஆய்வு இங்கே உதவும். இரண்டு எலிகளின் வாலில் ஒரே மின்கம்பி. இரண்டுக்கும் ஒரே அதிர்ச்சி, ஒரே நேரம், ஒரே அளவு. ஒன்றின் முன்னால் ஒரு சில்லு இருந்தது. அதைச் சுழற்றினால் இரண்டுக்கும் அதிர்ச்சி நிற்கும். மற்ற எலியின் சில்லைச் சுழற்றிப் பயனில்லை. சில்லைத் தன் வசம் வைத்திருந்த எலிக்கு வயிற்றுப்புண் மிகக் குறைவு. வேறொரு சோதனையில், அதிர்ச்சிக்கு முன் ஒலி எழுப்பப்பட்ட எலிகளும், முன்னறிவிப்பு இல்லாதவற்றைவிடக் குறைவாகவே பாதிக்கப்பட்டன.

1967இல் பென்சில்வேனியாவில் செலிக்மன், மேயர் ஆகியோர், தப்ப வழியில்லாமல் அதிர்ச்சி பட்ட நாய்களைப் பின்பு தாழ்ந்த தடுப்புள்ள பெட்டியில் விட்டபோது, பல நாய்கள் தாண்ட முயலாமல் படுத்தேவிட்டன. நாய்கள் கையாலாகாத்தனத்தைக் கற்றுவிட்டன என்று அன்று விளக்கினார்கள். அரை நூற்றாண்டின் பின், 2016இல், அவர்களே அதைத் திருத்தினார்கள்: நெடுந்துன்பத்தில் சோர்ந்து கிடப்பது உடலின் இயல்பான மறுமொழி, கற்கப்படுவது, தன் செயலுக்குப் பலன் உண்டு என்பதே. முன்பு அதிர்ச்சியைத் தாமே நிறுத்திப் பழகிய நாய்கள் பெட்டியில் தாண்டிக் குதித்தன. சோம்பேறி என்று அறிக்கை எழுதுபவர்கள் இந்தத் திருத்தத்தை வாசிக்கவேண்டும்.

எமது வேலைகளில் இதற்கு இடம் உண்டு. நிவாரணம் எத்தனையாம் திகதி வரும், காணி அளப்பவர்கள் எந்தக் கிழமை வருவார்கள் என்று முன்கூட்டியே பலகையில் எழுதுவது பெரிய செலவல்ல. பிந்துமானால் பிந்தும் என்றே எழுதலாம். வீட்டுத்திட்டத்தில் குசினி எந்தப் பக்கம் வரவேண்டும் என்று வீட்டுக்காரியிடம் கேட்கலாம். விதைப் பொதியை ஒரே மாதிரிக் கட்டி நீட்டாமல் கத்தரியா, பயிற்றையா, வெண்டியா என்று கேட்டுக் கொடுக்கலாம். நிறுவனங்கள் கேட்காவிட்டால், கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நீங்கள் கேளுங்கள். சொல்லப்படும் திகதியைக் கூட்டக் குறிப்பில் எழுதுவித்து, பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.