திரும்பிப் போகப் பத்தே நாள்

இயங்குதளங்களின் கதை – 14

இன்று லேப்டாப் வாங்கினால் பெட்டிக்குள் சார்ஜரும் வாரன்டி அட்டையும் இருக்கும். டிஸ்க் இருக்காது, இருந்தாலும் போட இடமில்லை, டிரைவையே எடுத்துவிட்டார்கள். அதனால் புதிய விண்டோஸுக்கு மாறிவிட்டுப் பழையதே தேவலை என்று நினைப்பவரின் முதல் புலம்பல், ‘ஒரிஜினல் டிஸ்க் இல்லையே’ என்பதாக இருக்கிறது. சர்வீஸ் கடைக்காரரும் அதையே ஆமோதித்து, ‘ஃபார்மட் அடிச்சிரலாம் சார்’ என்று முடித்துவிடுவார். டிஸ்க் இல்லாதது இங்கே ஒரு சிக்கலே இல்லை என்பது என் கட்சி. மாறிய முதல் சில நாட்களில் பழைய இயங்குதளம் அதே ஹார்ட் டிஸ்க்கில், ஏறக்குறைய முழுசாகவே இருக்கிறது. அதை எடுப்பதற்கு ஒரு கெடு வைத்திருக்கிறார்கள் என்பதும், அந்தக் கெடுவைக் கணினிக்குக் காசு கொடுத்தவர் வைக்கவில்லை என்பதும்தான் சிக்கல்.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். விண்டோஸ் 10-ஐ 11 ஆக மாற்றும்போது பழைய விண்டோஸ் அழிக்கப்படுவதில்லை. சி டிரைவிலேயே ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற ஃபோல்டருக்குள் அது நகர்த்தப்படுகிறது. ஒரே டிரைவுக்குள் நகர்த்தும்போது ஃபைல்கள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். எந்த ஃபோல்டரைச் சேர்ந்தவை என்ற பதிவு மட்டும் மாறும். செட்டிங்ஸில் சிஸ்டம், ரெகவரி என்று போய் ‘கோ பேக்’ பட்டனை அழுத்தினால், அந்த மாற்றம் தலைகீழாக நடக்கும். மாறிய பிறகு போட்ட புரோகிராம்கள் போய்விடும். சொந்த ஃபைல்கள் இருக்கும். பழைய பாஸ்வேர்டு மட்டும் நினைவில் இருக்க வேண்டும். இன்டர்நெட்டோ பென்டிரைவோ தேவையில்லை. ஆனால் பத்து நாள் கடந்தால் விண்டோஸே அந்த ஃபோல்டரைக் காலி செய்துவிடும், பட்டனும் வேலை செய்யாது. இடையில் ‘இது எதற்கு இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு’ என்று டிஸ்க் கிளீனப்பில் டிக் அடித்தவருக்குப் பத்து நாளும் கிடையாது.

இந்தக் கெடு ஆதியிலேயே இருந்ததல்ல. விண்டோஸ் 95-லிருந்து 98-க்கு மாறியபோது, பழைய சிஸ்டம் ஃபைல்களைச் சேமிக்கவா என்று செட்டப் கேட்டது. சரி என்றால் அவற்றைச் சுருக்கி, மறைவான ஒரு ஃபைலாக வைத்தது. அந்த ஃபைலை எப்போது அழிப்பது என்பதும் பயனர் கையில் இருந்தது. ‘ஆட்/ரிமூவ் புரோகிராம்ஸ்’ பட்டியலில் அதற்கென்றே ஒரு வரி உண்டு. சில ஜி.பி. அளவு ஹார்ட் டிஸ்க்கே பெரிது என்றிருந்த காலம் அது. விஸ்டாவில் நிலைமை கேலிக்கூத்தானது. ‘விண்டோஸ்.ஓல்ட்’ இருக்கும், பட்டன் இருக்காது. விஸ்டா டிவிடியைப் போட்டு பூட் செய்து, கறுப்புத் திரையில் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றி, எக்ஸ்பியின் பூட் செக்டரைக் கட்டளை கொடுத்து எழுத வேண்டும். எக்ஸ்பிக்குத் திரும்ப விஸ்டா டிஸ்க்!

2015 ஜூலை 29-ல் விண்டோஸ் 10 வந்தபோது பட்டனும் வந்தது, ஒரு மாத அவகாசமும் வந்தது. 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு காலம் இலவச மாற்றம். இலவசம் என்பதைவிட வலுக்கட்டாயம் என்பதே பொருந்தும். 2016 மே மாத வாக்கில், அறிவிப்புப் பெட்டியின் மூலையிலிருந்த சிவப்புப் பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், குறித்த நேரத்தில் மாற்றம் நடந்தே தீரும் என்ற நிலை. கலிஃபோர்னியாவில் பயண நிறுவனம் நடத்திய ஒருவர், கேட்காமலே வந்த விண்டோஸ் 10 தன் கணினியைப் பாழாக்கிவிட்டது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். மேல்முறையீட்டை மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. அதன் மார்க்கெட்டிங் தலைவர் கிறிஸ் கபோசெலாவே, அந்த ஆண்டு டிசம்பரில், எல்லை மீறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். இந்தச் சூட்டில் திரும்பும் வழியை அகலப்படுத்துவார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? இலவசக் காலம் ஜூலை 29-ல் முடிந்தது. ஆகஸ்ட் 2-ல் வந்த ஆனிவர்சரி அப்டேட், ஒரு மாதத்தைப் பத்து நாளாகக் குறைத்தது.

திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் முதல் சில நாட்களிலேயே திரும்பிவிடுகிறார்கள், டிஸ்க்கில் இடமும் மிச்சமாகும் என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணம். முதல் பாதி உண்மையாகவே இருக்கலாம். வைஃபை கிடைக்கவில்லை, பிரின்டர் ஓடவில்லை என்பவர் மறுநாளே திரும்பிவிடுவார்தான். மாதம் ஒருமுறை மட்டும் செய்யும் வேலைகளை இந்தக் கணக்கு மறந்துவிடுகிறது. ஜி.எஸ்.டி. கட்டும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். மாதாந்திரக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-3பி-க்கு 20-ஆம் தேதி கெடு. டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யு.எஸ்.பி. டோக்கனை இப்படிக் கெடு வரும் நாட்களில்தான் வெளியே எடுப்பார்கள். 1-ஆம் தேதி மாறிய கணினியில் அந்த டோக்கனின் டிரைவர் ஒத்துழைக்கவில்லை என்பது 20-ஆம் தேதிதான் தெரியவரலாம். கதவு மூடி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். சம்பளப் பட்டியல், மார்க் ஷீட், டாட் மேட்ரிக்ஸ் பில் எல்லாம் இதே ரகம்.

இடப் பஞ்சம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. 32 ஜி.பி. மட்டுமே உள்ள மலிவு லேப்டாப்பில் பழைய விண்டோஸை ஒரு மாதம் சுமக்கச் சொல்வது கொடுமை. ஆனால் 512 ஜி.பி. உள்ள இயந்திரத்துக்கும் அதே பத்து நாள் எதற்கு? எத்தனையோ விஷயங்களுக்குப் பெட்டி திறந்து அனுமதி கேட்கும் விண்டோஸ், இதற்கும் ஒன்று கேட்கலாம். கெடுவை நீட்டுவது முடியாத காரியமும் இல்லை. 2018-ல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டில் டிஸ்ம் கருவிக்கு ஒரு வரி கட்டளை கொடுத்தால் 60 நாள் வரை நீட்டலாம். பத்து நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். கம்பெனிகளின் ஐ.டி. ஆட்களுக்குத் தெரிந்த இந்த வசதி, வீட்டுப் பயனர் பார்க்கும் எந்தத் திரையிலும் இல்லை.

பாதுகாப்பு என்ற வாதம் இன்னும் கனமானது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது; அதற்குத் திரும்புவது ஆபத்து என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் பத்து நாள் கெடு வந்த 2016-ல் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி வரை ஆதரவு பாக்கி இருந்தது. விண்டோஸ் 11 வந்த 2021-ல் விண்டோஸ் 10-க்கு நான்கு ஆண்டுகள் பாக்கி. அப்போதும் அதே பத்து நாள்தான். பாதுகாப்புக்காக வைத்த கெடுவாக இருந்தால் ஆதரவு முடியும் தேதியை ஒட்டியல்லவா அமைந்திருக்க வேண்டும்?

டிஸ்க் இல்லாவிட்டால் என்ன, வேறு வழிகள் உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் எதுவும் இதற்கு ஈடாகாது. ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ அதே விண்டோஸுக்குள் ஒரு முந்தைய தேதிக்குத்தான் போகும். ‘ரீசெட் திஸ் பிசி’ இப்போது இருக்கும் பதிப்பையே புதிதாகப் போடும். எச்பி-யில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டும் எஃப்10-உம், லெனோவாவில் நோவோ பட்டன் என்று தயாரிப்பாளர்கள் வைத்திருந்த ரெகவரி பார்ட்டிஷன் வாங்கிய நாளின் விண்டோஸைத் திருப்பித் தரும். கூடவே நம் ஃபைல்களையும் துடைத்துவிடும். விண்டோஸ் 10-லிருந்து ரீசெட்டுக்குத் தனி இமேஜ் தேவையில்லை, ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம் ஃபைல்களை வைத்தே செய்துகொள்ளலாம் என்று ஆக்கினார்கள். இடம் மிச்சம்தான். ஆனால் டிஸ்க்கில் பழைய பதிப்பின் பிரதி என்று ஒன்று இருக்க வேண்டிய அவசியமும் அதோடு போனது. ஐ.எஸ்.ஓ. இறக்கி பென்டிரைவில் ஏற்றலாம். பழைய லைசென்ஸ் அதே கணினியில் மறுபடி செல்லும். வந்து சேர்வது வெறும் விண்டோஸ். டாலி, டோக்கன் டிரைவர், ஆண்டுக்கணக்கில் சரிசெய்த பிரின்டர் அமைப்பு எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பினால் இடையில் சேர்ந்த புரோகிராம்கள் போகும், சில மென்பொருள்களின் டேட்டா புதிய வடிவத்துக்கு மாறி பழையதில் திறக்காது என்ற ஆட்சேபத்தை மட்டும் முழுதாக ஏற்கிறேன். அது எச்சரிக்கை காட்டக் காரணம், பூட்டுப் போடக் காரணமல்ல. மேக்கைப் பாருங்கள். 2011-ல் லயன் பதிப்பை டிஸ்க் இல்லாமல் ஆப் ஸ்டோரிலேயே விற்ற ஆப்பிள், இன்டர்நெட் ரெகவரியையும் சேர்த்துக் கொடுத்தது. இன்டெல் மேக்கில் ஷிஃப்ட், ஆப்ஷன், கமாண்ட், ஆர் நான்கையும் அழுத்தியபடி ஆன் செய்தால், அந்த இயந்திரத்தோடு வந்த மேக் ஓஎஸ்ஸோ, கிடைப்பதில் அதற்கு மிக நெருங்கிய பதிப்போ இறங்கும். டிஸ்க்கைத் துடைத்துவிட்டுத்தான் பழையதைப் போட முடியும். ஆனால் இத்தனை நாளுக்குள் என்ற நிபந்தனை இல்லை. அதே ஆப்பிள் ஐபோனில் பழைய ஐஓஎஸ் பதிப்புகளுக்குக் கையெழுத்திடுவதைக் கொஞ்ச நாளிலேயே நிறுத்திவிடுகிறது. கையெழுத்து இல்லாத பதிப்பை, ஃபைல் கையில் இருந்தாலும், போன் ஏற்காது. கணினியில் பத்து நாளாவது தருகிறார்கள். போனில் அந்தக் கதவு எப்படி இயங்குகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)