மாதக் கடைசித் தலைவலியை மாத்திரையால் மறைக்காதீர்கள்

ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் என் கிளினிக்கில் ஒரு கூட்டம் சேர்கிறது. வங்கிக் கிளை, இன்சூரன்ஸ், வாகனக் கடன் வசூல் என்று மாதக் கடைசி டார்கெட்டை முடித்துவிட்டு வருகிறவர்கள். பெரும்பாலும் முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள் இருப்பார்கள். போன வாரம் வந்தவருக்கு 36 வயது; ரத்த அழுத்தம் 180/110. தலைவலி எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன். "ரெண்டு வருஷமா சார். மாசக் கடைசியில மட்டும்தான்" என்றார். அந்த இரண்டு வருடமும் மெடிக்கல் ஷாப் வலி மாத்திரையிலேயே ஓடியிருக்கிறது.

இறக்கி வைக்காத சுமை

மேலாளர் சத்தம் போட்டால் இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். அது இயற்கை. ஏறியது இரவில் இறங்கிவிட வேண்டும். நல்ல தூக்கத்தில் ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் வரை குறையும். அந்தக் காலத்தில் தலைச்சுமையோடு நடந்தவர்களுக்கு வழியோரச் சுமைதாங்கிக் கல் எப்படியோ, அப்படித்தான் உடலுக்கு இரவு. பதினோரு மணிக்கும் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் "இன்னைக்கு எத்தனை?" என்று கேள்வி வந்தால் சுமையை எங்கே இறக்குவது? நேற்றைய பாரத்தின் மேல் இன்றைய பாரம் ஏறுகிறது. ஐந்து, பத்து வருடங்களில் அது ரத்தக் குழாயிலும் சர்க்கரையிலும் மனச்சோர்விலும் வந்து நிற்கிறது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35–40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம். ஆறு நாள், தினம் ஒன்பதேகால் மணி நேரம் வேலை பார்த்தாலே 55 வந்துவிடும். உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நான் தினமும் கேட்கும் தவறான பேச்சுகள்

"ஹார்ட் அட்டாக் எல்லாம் பெரிய ஆபீசருக்கு வர்றது." இல்லை. லண்டன் அரசு ஊழியர்களிடம் மைக்கேல் மார்மட் உள்ளிட்டோர் நடத்திய வைட்ஹால் ஆய்வுகளில், உயரதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களிடமே இதய நோய் மரணம் அதிகமாக இருந்தது. புகைப்பழக்கத்தைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. தலைக்கு மேல் வேலை, ஆனால் அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை கையில் இல்லை. இந்த நிலைதான் மனிதரை அதிகம் அரிக்கிறது.

"எனக்குப் பழகிப்போச்சு." மனதுக்குப் பழகியிருக்கலாம். ரத்தக் குழாய்க்குப் பழக்கம் என்று ஒன்று கிடையாது. உயர் ரத்த அழுத்தம் பல வருடம் ஓர் அறிகுறியும் காட்டாமல் இருக்கும்.

"ரெண்டு ரவுண்டு போட்டாத்தான் தூக்கம் வருது." வருவது முதல் சில மணி நேரம்தான். பின்னிரவில் விழிப்பு வந்துவிடும். மறுநாள் ரத்த அழுத்தமும் ஏறும்.

"நெஞ்சுல கேஸ் அடைப்பு." சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருந்தவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துவிட்டது. நெஞ்சு இறுக்கத்தோடு வியர்வையோ இடது கை வலியோ வந்தால் அந்த நிமிடமே 108ஐ அழையுங்கள்.

அடுத்தவர் சீட்டில் வாங்கும் மாத்திரை

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. நண்பரின் மருந்துச் சீட்டை வாட்ஸ்அப்பில் வாங்கி, அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை வாங்கிப் போடுகிறார்கள். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. சில வாரங்களிலேயே அடிமையாக்கும். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். தினசரி வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். யாரைக் கேட்டுச் சாப்பிடுகிறீர்கள்?

பரிசோதனை

மாத்திரையைத் தேடும் முன் பார்க்க வேண்டியவை இவைதான்: ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, தேவைப்பட்டால் இ.சி.ஜி. அவ்வளவுதான்.

கெஞ்சிக் கேட்கிறேன்

மேலாளர்களே, இரவு எட்டு மணிக்கு மேல் அந்த ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பை மூடுங்கள். கடைகளில் நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவே தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் திருத்த வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் சட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தம்பிகளே, தங்கைகளே, சாப்பாட்டு வேளையை வேலைக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். தினம் அரை மணி நேரம் நடங்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். எரிச்சல், அழுகை, 'எதற்கு இந்தப் பிழைப்பு' என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அடுத்த மாதக் கடைசி வருவதற்குள் ஒருமுறை பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள்.