மோட்டார் வண்டியின் மின்சார உறுப்புகளைச் செப்பனிடல்

கொல்லிமலையில் விளையும் மிளகும் காப்பியும், அன்னாசியும் பலாவும் சமவெளிக்கு இறங்கி விலையாவதற்கு வண்டியே துணை என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. செம்மேட்டில் ஒரு பிக்கப் வண்டி காலையில் கிளம்ப மறுத்தால், முதல் நாள் பறித்த பழம் அன்றைய சந்தைக்குப் போய்ச் சேராது. இராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து நெசவாள அன்பர்களுக்கும், புடவைக் கட்டோடு வண்டி வழியில் நின்றுவிட்டால் நஷ்டம் இதே தன்மையதுதான்.

இவ்வாறு வண்டி நிற்குங்கால், குற்றம் பல சமயங்களில் இயந்திரத்தின் இரும்பில் இருப்பதில்லை. அதனோடு பூட்டப்பட்டுள்ள மின்சார உறுப்புகளிலேயே இருக்கிறது. அவற்றுள் தலையாயவை இரண்டு. ஒன்று, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர். நம் பக்கத்தில் இன்றும் இதனை டைனமோ என்றே வழங்குகிறோம். மற்றொன்று, இயந்திரத்தைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார். இவை பழுதுற்றால், "முழுசாக மாற்றிவிடுங்கள்" என்ற யோசனையே பட்டறையில் முதலில் காதில் விழுகிறது. அதற்குப் பல ஆயிரம் ரூபாய் செலவாகும். கழற்றிப் போட்ட பழைய உறுப்பைத் திறந்து பார்த்தாலோ, கெட்டது விரல் நுனியளவு கார்பன் துண்டாக இருக்கக் காணலாம். எதைத் திறந்து செப்பனிடலாம், எதை மாற்றியே தீரவேண்டும் என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

முதலில், ஒன்றையும் கழற்றாமல் செய்யக்கூடிய சோதனை. ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். இரவெல்லாம் நின்றிருந்த வண்டியின் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். இயந்திரம் ஓடும்போது அதே முனைகளில் 13.8 முதல் 14.5 வரை காட்டவேண்டும். ஓடும்போதும் 12-இலேயே நின்று சிறிது சிறிதாக இறங்குமாயின் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். 15-க்கு மேல் ஏறுமாயின் சார்ஜ் அளவு மீறுகிறது. பேட்டரித் தண்ணீர் விரைவில் வற்றுவதும் பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் ஆவதும் இதன் அடையாளங்கள்.

சார்ஜ் ஏறவில்லை என்று கண்டவுடன் ஆல்டர்னேட்டரின் மேல் பழி போட்டுவிடலாகாது. பெல்ட் தளர்ந்திருக்கலாம், பேட்டரி முனையில் வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கலாம், இயந்திரத்தையும் வண்டிச் சட்டத்தையும் இணைக்கும் எர்த் பட்டை துருவேறியிருக்கலாம். மலையின் ஈரமும் மூடுபனியும் இந்த எர்த் பட்டையை வெகுவாகக் கெடுக்கின்றன. இன்னொன்றும் உண்டு. சாவியைத் திருப்பியவுடன் எரிகிறதே, சிவப்புச் சார்ஜ் விளக்கு, அது வெறும் அறிவிப்பு அன்று. பல வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்கு முதற் காந்த சக்தியைத் தரும் மின்சாரம் அவ்விளக்கின் வழியாகவே செல்கிறது. அந்தப் பல்பு போய்விட்டால், குற்றமில்லாத ஆல்டர்னேட்டரும் வேலை செய்யாதிருக்கும். இவ்வரிகளை எழுதுபவன் இரண்டு பேட்டரிகளை வாங்கிப் போட்ட பின்னரே இவ்வுண்மையைக் கற்றான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இயந்திரம் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்க்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது பழைய டைனமோ காலத்து வழக்கம். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் வோல்ட் திடீரென எகிறி டையோடுகளையும், வண்டியின் எலக்ட்ரானிக் பெட்டியையும் ஒரு நொடியில் எரித்துவிடக்கூடும்.

டைனமோவிற்கும் ஆல்டர்னேட்டருக்கும் என்ன வேற்றுமை என்று சிலர் வினவுவர். டைனமோ மெதுவாகச் சுழலும்போது போதிய சார்ஜ் தராது. ஆல்டர்னேட்டர் குறைந்த வேகத்திலும் ஓரளவு தரும். அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1960-ஆம் ஆண்டு வேலியண்ட் காரில் இதனைப் பொருத்திற்று; பின்னர் உலகெங்கும் பரவிற்று. நம் தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த பாடியில் 1961-இல் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை இத்தகைய உறுப்புகளைச் செய்து வருகிறது. நம் நாட்டிலேயே இவை பெருவாரியாகச் செய்யப்படுவதால் பல வண்டிகளுக்குப் பிரஷ், ரெகுலேட்டர், பேரிங் ஆகியவை தனித்தனியே கடைகளில் கிடைக்கின்றன. செப்பனிடுதல் கைகூடுவதற்கு இதுவே அடிப்படை.

ஆல்டர்னேட்டரின் உள்ளே நடுவில் சுழலும் பாகம் ரோட்டர். அதைச் சூழ்ந்து நிலையாக நிற்கும் செம்புக் கம்பிச் சுருள் ஸ்டேட்டர். ரோட்டருக்கு மின்சாரம் செல்வது, இரண்டு செம்பு வளையங்களின் மேல் உராய்ந்துகொண்டிருக்கும் இரண்டு கார்பன் பிரஷ்களின் வழியாக. உராய உராயப் பிரஷ் தேய்கிறது. தேய்ந்து குட்டையானவுடன் வளையத்தைச் சரியாகத் தொடுவதில்லை. அப்போது சார்ஜ் விட்டு விட்டு ஏறும், பிறகு அடியோடு நின்றுபோகும். மாற்றவேண்டியது பிரஷ் மட்டுமே. வளையத்தில் பள்ளம் விழுந்திருப்பின் லேத் பட்டறையில் மெல்லிதாகக் கடைந்து சமமாக்கலாம். மலிவு கருதித் தரமற்ற பிரஷ் போடுவது தவறு. அது வளையத்தையே அரித்துவிடும்.

அடுத்தது டையோடு. ஆல்டர்னேட்டரில் பிறப்பது மாறுமின்சாரம். பேட்டரிக்கு வேண்டுவதோ ஒரே திசையில் பாயும் மின்சாரம். ஒருபுறம் மட்டுமே திறக்கும் கதவுபோல நின்று இம்மாற்றத்தைச் செய்பவை டையோடுகள். பெரும்பாலும் ஆறு இருக்கும். ஒன்று அறுந்தால் சார்ஜ் குறைகிறது. ஒன்று ஷார்ட் ஆனால், ஆல்டர்னேட்டரிலிருந்து ஒருவித முனகல் கேட்கும். நிறுத்திவைத்த வண்டியின் பேட்டரி விடிவதற்குள் வடிந்துவிடும். புதுப் பேட்டரியே தினமும் காலையில் செத்துக்கிடந்தால் டையோடைச் சோதிக்கச் சொல்லுங்கள். டையோடு தட்டு மட்டும் தனியே கிடைக்கும். பழகிய கை அதனைப் பற்றவைத்துவிடும்.

ரெகுலேட்டர் முழுவதும் மூடி அடைக்கப்பட்டது. அதைச் செப்பனிட இயலாது. ஆயினும் அதனை மட்டும் மாற்றலாம், ஆல்டர்னேட்டர் முழுவதையும் அன்று. சீறும் ஓசை வந்தால் பேரிங். ஸ்டேட்டர் சுருள் கருகியிருந்தால் காயில் கட்டுபவரிடம் கொடுக்கலாம். செம்பின் விலையையும் கூலியையும் கூட்டிப் பார்த்த பின்னரே அதில் இறங்கவேண்டும்.

செல்ஃப் மோட்டாருக்கு வருவோம். கையால் ஹாண்டில் சுற்றி இயந்திரத்தைக் கிளப்பிய காலத்தில் கை முறிந்தோர் பலர். சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கர் அமைத்த மின்சாரக் கிளப்பி 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் இடம்பெற்றது முதல் அத்துன்பம் நீங்கலாயிற்று. இம்மோட்டார் இழுக்கும் மின்சாரம் நூறு ஆம்பியருக்கும் மேற்பட்டது. எனவே, பேட்டரி முனை ஒரு சிறிது தளர்ந்திருந்தாலும் "டக்" என்ற ஓசை மட்டும் எழும், இயந்திரம் சுழலாது. முனைகளைத் தேய்த்து இறுக்கிய பின்னும் அதே ஓசை எழுமானால், மோட்டாரின் மேல் அமர்ந்துள்ள சொலினாய்டைப் பார்க்கவேண்டும். அதனுள் இருக்கும் செம்புத் தொடுமுனைகள் ஒவ்வொரு முறையும் தீப்பொறியால் சிறிது கருகுகின்றன. பிரித்துத் திறக்கக்கூடிய வகைகளில் அம்முனைகளைத் தேய்த்தோ திருப்பிப் பொருத்தியோ புதியன போட்டோ சரிசெய்யலாம்.

இதிலும் பிரஷ் உண்டு. அது அழுத்தி உராயும் கம்யூட்டேட்டரும் உண்டு. கம்யூட்டேட்டர் கரடுமுரடாகியிருந்தால் லேத்தில் கடைந்து, செம்புப் பட்டைகளுக்கு இடையிலுள்ள மைக்காவைச் சற்றுத் தாழ அறுத்துவிட வேண்டும். அவசரப் பட்டறைகளில் இந்த இரண்டாவது வேலையை விட்டுவிடுகிறார்கள். விட்டால், செம்பு தேயத் தேய மைக்கா மேலே துருத்திக்கொண்டு பிரஷைத் தூக்கிவிடும். சில மாதங்களில் பழைய கதைதான். இரு முனைகளிலுமுள்ள புஷ்கள் தேய்ந்தால் ஆர்மேச்சர் பக்கவாட்டில் உரசி, வண்டி சோம்பலாகச் சுழலும். புஷ்ஷின் விலை அற்பம். ஆர்மேச்சரே எரிந்துபோயிருந்தால் மட்டும், கட்டுவதைவிட மாற்றுவதே பெரும்பாலும் சிக்கனம்.

எல்லாவற்றையும் செப்பனிடலாம் என்று நாம் சொல்லவில்லை. பிசின் ஊற்றி அடைத்த இக்னிஷன் காயில், டீசல் இயந்திரத்தின் குளோ பிளக், வேகமும் வெப்பமும் உணர்த்தும் சென்சார்கள் ஆகியவை போனால் மாற்றத்தான் வேண்டும். எலக்ட்ரானிக் பெட்டியைத் தனிப்பயிற்சி உடையவரன்றி யாரும் திறக்கலாகாது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியை வெளியில் பிரிக்கவும் கூடாது. ஃபியூஸ் போன இடத்தில் கம்பியைச் சுற்றி ஓட்டுவது செப்பனிடுதல் அன்று. வண்டிக்குத் தீ வைக்கும் வழி அது.

பட்டறைக்காரர் முழு உறுப்பையும் மாற்றச் சொல்வதில் நியாயமே இல்லை என்றும் கூறமுடியாது. பிரித்துச் செப்பனிட அரை நாள் ஆகும். மாற்ற அரை மணி போதும். செய்த வேலை மீண்டும் பழுதானால் பழி அவர்மேல் விழும். உதிரிப்பாகம் கையில் இல்லாமை மற்றொரு காரணம். இக்குறை நம் மலைக்கு மட்டும் உரியதன்று. உதிரிப்பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்கவொட்டாமல் செய்தன என்று 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவ்வாணை பின்னர் மேல்முறையீட்டுக்கு உள்ளாயிற்று. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் செப்பனிடும் உரிமை குறித்து ஒரு குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் திறந்தது. அதில் விவசாயக் கருவிகளும் மோட்டார் வண்டிகளும் அடங்கும்.

நம் பாதையில் இவ்விஷயம் பணத்தோடு நிற்பதில்லை. பழைய டீசல் வண்டி, ஒருமுறை கிளம்பிவிட்டால், சார்ஜ் இல்லாமலும் ஓடும். எலக்ட்ரானிக் முறையில் எண்ணெய் செலுத்தும் இன்றைய வண்டி அப்படியன்று; பேட்டரி இறங்கியதும் நின்றுவிடும். முன் விளக்குகள் இரண்டுமே சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். வைப்பரும் மற்றவையும் சேர்ந்தால் 20 வரை ஆகும். பாதி உயிருள்ள பேட்டரி இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிப்பதே அரிது. சிவப்பு விளக்கு எரியத் தொடங்கிய பின் மாலையில் மலை இறங்கப் புறப்படாதீர்கள். செல்ஃப் எடுக்காத வண்டியைச் சரிவில் உருட்டிக் கிளப்பும் முயற்சியும் வளைவுகளில் வேண்டாம். இயந்திரம் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வாக்குவம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துபோகும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பெடல் கல்லாக நிற்கும். ஸ்டீரிங்கும் கனத்துவிடும்.

பட்டறைக்குச் செல்லும் அங்கத்தினர், கழற்றுவதற்கு முன் மீட்டர் எவ்வளவு காட்டிற்று என்பதை எழுதி வாங்கிக்கொள்க. மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டுப் பெறுக. சங்கத்தின் தரப்பில் நாம் முன்வைக்கும் யோசனை இது: செம்மேட்டில் நல்ல மல்ட்டிமீட்டர் ஒன்றும், அங்கத்தினர்களிடம் மிகுதியாக உள்ள இரண்டு மூன்று வகை வண்டிகளுக்குரிய பிரஷ், ரெகுலேட்டர், புஷ், பெல்ட் ஆகியவையும் சங்கக் கிடங்கில் வாங்கி வைக்கலாம். ஐ.டி.ஐ. படித்த உள்ளூர் இளைஞர் ஒருவரை நாமக்கல் பட்டறைகளில் சில மாதம் பழகச் செய்து இப்பொறுப்பை ஒப்படைக்கலாம். எந்தெந்த வண்டிக்கு எந்த அளவுப் பிரஷ் என்ற பட்டியல் முதலில் தேவைப்படும். அதற்காக, வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர்கள் ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார் இவற்றின் மேல் பொறித்துள்ள எண்ணைத் துணியால் துடைத்துப் பார்த்துக் குறித்து, அடுத்த கூட்டத்திற்கு வரும்போது காரியதரிசியிடம் சேர்ப்பிக்கக் கோருகிறோம்.