திருவெள்ளறைக் குன்றும் ஓர் இட்லியும்



திருச்சியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் திருவெள்ளறை வரும். ‘அறை’ என்றால் பழந்தமிழில் பாறை. அந்த வெண்பாறைக் குன்றின்மேல் புண்டரீகாட்சப் பெருமாள் கோயில் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் நீங்கள் அங்கே போயிருப்பதாக வைத்துக்கொள்வோம். படியேறி மேலே வந்ததும் மூச்சு வாங்குகிறது. “காலையில் தின்ற நாலு இட்லியும் கரைஞ்சு போச்சுடா!” என்கிறான் நண்பன்.

உண்மையாகவே கரைந்ததா? கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஏறியதன் விலை

குன்றின் உயரம் சுமார் 50 அடி, அதாவது 15 மீட்டர். உங்கள் எடை 50 கிலோகிராம். எடையை உயர்த்தச் செய்யும் வேலை = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். 50 × 9.8 × 15 = 7350 ஜூல்.

உணவைப் பற்றிப் பேசும்போது நாம் ‘கலோரி’ என்பது உண்மையில் கிலோ கலோரியைத்தான். 1 கிலோகிராம் நீரை 1 டிகிரி செல்சியஸ் சூடேற்றும் வெப்பம் அது. 4184 ஜூலுக்குச் சமம். எனவே நீங்கள் செய்த வேலை 2 கிலோ கலோரிகூட இல்லை! ஆனால் நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் வேலையாகிறது, மிச்சம் வெப்பமாகிவிடுகிறது. வியர்ப்பது அதனால்தான். ஆகவே நான்கால் பெருக்குங்கள். சுமார் 7 கிலோ கலோரி.

நடுத்தர அளவு இட்லி ஒன்றில் ஏறக்குறைய 50 கிலோ கலோரி இருக்கிறது. ஓர் இட்லி ‘கரைய’ வேண்டுமானால் குன்றில் ஏழு தடவை ஏற வேண்டும்! 83 மீட்டர் உயரமுள்ள திருச்சி மலைக்கோட்டைப் பாறையில் 75 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினாலும் செலவு 60 கிலோ கலோரிக்குள்தான்.

அப்படியானால் நாம் உண்பதெல்லாம் எங்கே போகிறது? இதயம் துடிக்கவும், மூளை இயங்கவும், உடல் சூடு குறையாதிருக்கவும் ஆற்றல் வேண்டும். சும்மா படுத்திருந்தாலும் நடக்கும் இதை ‘அடிப்படை வளர்சிதை மாற்றம்’ என்பர். உட்கார்ந்தே வேலை செய்பவரின் அன்றாடச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதற்கே போய்விடும்.

பெரியப்பாவின் இலக்கு

ஸ்ரீரங்கத்தில் கடை வைத்திருக்கும் பெரியப்பா ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எடை 75 கிலோ, உயரம் 165 சென்டிமீட்டர். எடையை உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் 27.5 வருகிறது. வயது வந்த இந்தியருக்கு இந்த எண் 23-க்குள் இருப்பது நல்லது. 25-ஐத் தாண்டினால் உடற்பருமன் என்கிறார்கள் மருத்துவர்கள். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வாசலில் காத்திருக்கின்றன. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே, அதாவது 4 முதல் 7 கிலோ குறைந்தாலே, நல்ல பலன் உண்டு. அதற்கு அவர் எவ்வளவு உண்ண வேண்டும்?

இந்தக் கணக்குக்கு உதவும் ஆராய்ச்சி நம் நீலகிரியில் தொடங்கியது. 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். பின்னர் அதன் தலைவரான அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை 1937-இல் வெளியிட்டார். 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய அந்தக் கூடமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அது 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உட்கார்ந்து வேலை செய்யும் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 2110 கிலோ கலோரி தேவை. பெரியப்பாவுக்கு 2200 என்று கொள்வோம்.

இதில் எதைக் குறைப்பது? மூன்று வேளைக் காப்பியிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரைக்குப் பதில் ஒன்று: 60 மிச்சம். சமையலில் அவர் பங்குக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் குறைவு: 120. அரிசியில் 50 கிராம் குறைவு: 175. ஆக, சுமார் 350. அரிசி குறைந்த இடத்தைக் கீரையும் காயும் நிரப்பட்டும். பருப்பைக் குறைக்க வேண்டாம். மாலையில் 3 கிலோமீட்டர் நடந்தால் இன்னும் 110. இலக்கு 1850 கிலோ கலோரி. மொத்தப் பற்றாக்குறை 460. உடற்கொழுப்பு 1 கிலோ குறைய ஏறத்தாழ 7700 கிலோ கலோரி பற்றாக்குறை வேண்டும். எனவே தொடக்கத்தில் வாரத்துக்கு 400 கிராம் அளவு குறையும். அது போதும்!

கிணறு சொல்லும் பாடம்

வெறும் வகுத்தல் கணக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். தினம் 60 கிலோ கலோரி சர்க்கரையைக் குறைத்தால் ஆண்டுக்கு 2.8 கிலோ, பத்தாண்டில் 28 கிலோ குறைய வேண்டுமே! அப்படிக் குறைவதில்லை. ஏன்?

திருவெள்ளறையில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், சுமார் 1200 ஆண்டுகளுக்கு முன், சுவஸ்திக வடிவில் கட்டிய மாற்பிடுகு பெருங்கிணறு இருக்கிறது. எந்த ஊற்றுக் கிணற்றிலும் தினம் கொஞ்சம் கூடுதலாக இறைத்தால் நீர்மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்று வேகமாகச் சுரக்கும். ஓரிடத்தில் மட்டம் நின்றுவிடும். உடலும் அப்படியே தனக்கொரு புதிய சமநிலையைத் தேடிக்கொள்கிறது. எடை குறைந்தால் அந்தச் சிறிய உடலின் செலவும் குறையும். 2011-இல் கெவின் ஹால் குழுவினர் வெளியிட்ட கணக்குப்படி, தினம் 24 கிலோ கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் முடிவில் சுமார் 1 கிலோ குறையும். அதில் பாதி குறைய ஓராண்டும், ஏறத்தாழ முழுவதும் குறைய மூன்றாண்டும் ஆகும். சர்க்கரையால் வரும் பலன், ஆக, இரண்டரைக் கிலோ. பழைய பழக்கத்துக்குத் திரும்பினால் அதுவும் மீண்டும் ஏறிவிடும். எனவே ஆண்டுக்கணக்கில் கடைப்பிடிக்க முடிகிற இலக்கே நல்ல இலக்கு.

‘பாதிப் பட்டினி கிடந்தால் சீக்கிரம் முடியுமே’ என்று தோன்றலாம். 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், தாமே முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் சுமார் 1570 கிலோ கலோரி மட்டும் கொடுத்தார். எடை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. கூடவே தசை கரைந்தது, நாடித்துடிப்பு தளர்ந்தது, எப்போதும் குளிர் நடுக்கியது. அடிப்படை ஆற்றல் செலவு சுமார் 40 சதவீதம் சரிந்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் அவர்களுக்குச் சாப்பாட்டு நினைவுதான்!

உங்களுக்கு ஒரு வார்த்தை

பெரியப்பாவின் கணக்கை நீங்கள் உங்களுக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது. நீங்கள் வளர்கிறீர்கள். 13 முதல் 15 வயது வரை மாணவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2860, மாணவியருக்கு 2400 கிலோ கலோரி தேவை. உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவை விட அதிகம்! 23, 25 என்ற எண்களும் உங்களுக்குப் பொருந்தா. வளரும் பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற தனி அட்டவணை உண்டு. எடை மிகுதி என்று தோன்றினால் மருத்துவரிடம் காட்டுங்கள். காலை உணவை விடாதீர்கள். இனிப்புப் பானத்தையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறைத்து, மாலையில் ஓடி விளையாடுங்கள்.

கடைசியாக ஒரு சிறு சோதனை. உங்கள் பள்ளி மாடிப்படி ஒன்றின் உயரத்தை அளந்து, படிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஓர் இட்லிக்கு எத்தனை தடவை மாடி ஏற வேண்டும்? விடை கண்டுபிடித்து வீட்டிலுள்ள பெரியவர்களிடம் சொல்லுங்கள். அடுத்த முறை காப்பியில் இரண்டாவது கரண்டிச் சர்க்கரை போடுமுன் அவர்கள் சற்று யோசிக்கக்கூடும்!